அப்டேட் நச்சரிப்பு: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை என்னுடையது. உள்ளூர்க்காரர்களோடு, புதுச்சேரியிலிருந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. 'பழுது' என்று வருபவற்றில் பல இயந்திரங்கள் நன்றாகவே இருக்கும். திரையின் மூலையில் ஏதோ ஒன்று ஓயாமல் எட்டிப் பார்த்து, வீட்டிலிருப்பவர்களின் பொறுமையைத்தான் பழுதாக்கியிருக்கும். ஒரே பதிலை நூறு முறை சொல்லிச் சலித்துப்போனதால் எழுதிவைத்துவிட்டேன்.

ஒரு நாளைக்குப் பத்து முறை ஏதோ ஒன்று 'அப்டேட் செய்' என்று கேட்கிறது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்திவிடலாமா?

கூடாது. கேட்பது யார் என்று முதலில் பாருங்கள். சிலிண்டர் கொண்டுவருபவரும், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்பவரும், ஊர்பேர் தெரியாத விற்பனைக்காரரும் ஒரே அழைப்பு மணியைத்தான் அடிக்கிறார்கள். எட்டிப் பார்க்காமலா கதவைத் திறக்கிறோம்?

கணினியில் மணி அடிப்பவர்கள் நான்கு வகை. முதலாவது விண்டோஸ். இது சொன்னால் கேட்க வேண்டும், ஆனால் எப்போது என்பதை நாம் சொல்லலாம். இரண்டாவது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரௌசர்கள். இவை தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். உங்களிடம் கேட்பதெல்லாம் ஒரு முறை மூடித் திறக்க வேண்டும் என்பதுதான். மூன்றாவது, நாம் எப்போதோ நிறுவி மறந்துபோன மென்பொருள்கள். நான்காவது, அப்டேட் என்று சொல்லிக்கொண்டு வரும் விளம்பரமும் மோசடியும். என் கடைக்கு வரும் புகார்களில் பெரும்பங்கு இந்த நான்காவது கூட்டத்தால்தான்.

மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், உடனே அப்டேட் செய்யவும்' என்று சிவப்பாக வருகிறதே தம்பி, பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம் அம்மா. அது வைரஸும் இல்லை, அப்டேட்டும் இல்லை. எப்போதோ ராசிபலன் பார்க்கவோ, தேர்வு முடிவு பார்க்கவோ, பாட்டு இறக்கவோ ஒரு தளத்துக்குப் போயிருப்பீர்கள். அங்கே 'அறிவிப்புகளை அனுமதிக்கவா' என்று கேட்டிருக்கும். பக்கம் திறந்தால் போதும் என்ற அவசரத்தில் 'அலோ' என்பதை அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்தத் தளத்துக்கு உங்கள் திரையின் மூலையில் பாய் விரித்துப் படுக்க உரிமை வந்துவிட்டது. அறிவிப்பை உற்றுப் பார்த்தால் குரோம் என்ற பெயரும், வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும்.

விரட்டுவது எளிது. குரோமில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'செட்டிங்ஸ்' போங்கள். அங்கே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கீழே இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். மேலே, இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். வீட்டுக் கணினியில் இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. இரண்டு நிமிட வேலை. இதற்காகக் கணினியை 'ஃபார்மட்' செய்து, படங்களையும் இழந்து, அதற்குக் கூலியும் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'ஃபிளாஷ் பிளேயர் பழசாகிவிட்டது, புதுப்பிக்கவும்' என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பொய். அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 அன்றே மூடுவிழா நடத்திவிட்டது. இறந்தவருக்குத் தடுப்பூசி போட அழைப்பது போன்றது அது.

தொல்லை தாங்கவில்லை. அப்டேட்டையே மொத்தமாக நிறுத்தித் தர முடியுமா?

முடியும். ஆனால் செய்ய மாட்டேன். ஒரு காலத்தில் நானே செய்து கொடுத்தவன்தான். விண்டோஸ் 7 இருந்த நாட்களில் 'வேகமாக ஓடும்' என்று சொல்லி அப்டேட் சேவையை அணைத்துக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களும் மகிழ்ந்தார்கள்.

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பிணைப்பணப் புழு உலகைச் சுற்றியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புக்குப் பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அந்தப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட கணினிகளுக்கு அந்த ஓட்டை வழியாக ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் நான் அப்டேட்டை அணைத்துக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசி, வீடு வீடாகப் போய்த் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். மே மாத வெயில். கூலி வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை.

சரி, நிறுத்த வேண்டாம். ஆனால் முக்கியமான வேலை நடுவே ரீஸ்டார்ட் ஆகிறதே? எனக்குப் புதுச்சேரியில் கடை, ரசீது போட்டுக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது.

இதற்குத்தான் மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டால் நச்சரிப்பில் முக்கால்வாசி போய்விடும்.

முதலில் விண்டோஸின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் வரும். 2003 முதல் இதுதான் நடைமுறை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாவது நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலம் என்றால் 11.30. ஆகவே நம் ஊர்க் கணக்கில் அது புதன்கிழமைச் சமாச்சாரம். மாதக் காலண்டரில் 9 முதல் 15 வரையுள்ள தேதிகளில் எந்தப் புதன் வருகிறதோ அதை வட்டமிடுங்கள். 'இரண்டாவது புதன்' என்று கணக்கு வைத்தால் சில மாதங்களில் தப்பும். மாதம் புதன்கிழமையில் பிறந்தால் இரண்டாவது செவ்வாய் 14ஆம் தேதிதான் வரும், மறுநாள் மூன்றாவது புதன்.

அடுத்து 'செட்டிங்ஸ்' போய் 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்துக்குச் செல்லுங்கள். அங்கே குறித்த நேரத்துக்குள் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. அதிகபட்சம் 18 மணி நேரம் குறிக்கலாம். காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை என்று வைத்துவிட்டால் வேலை நேரம் முழுவதும் அடங்கிவிடும். பிரான்சிலுள்ள பிள்ளைகளுடன் இரவில் வீடியோவில் பேசுகிற வீடுகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள், பேச்சு பதினொன்றைத் தாண்டாமல் முடியாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் இரவு படுக்கும்முன் கணினியின் சுவிட்சையே அணைத்துவிடுவோம். அணைந்த கணினி நள்ளிரவில் எப்படிப் புதுப்பித்துக்கொள்ளும்? பகலில் போட்டவுடன் பாக்கியை வசூலிக்க வந்துவிடும். புதுச்சேரிக் கடைக்காரர்களுக்கு இதற்கு அருமையான ஒரு வழி இருக்கிறது, அது மதியத் தூக்கம். ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கி நாலு மணிக்கு ஏற்றுகிற ஊர் அல்லவா? வட்டமிட்ட புதன்கிழமை காலையில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்பதை அழுத்திவிடுங்கள். பின்னணியில் இறங்கி, ரீஸ்டார்ட் கேட்கும் நிலைக்கு வந்ததும் அங்கேயே நேரம் குறிக்கும் வசதி இருக்கும். மதியம் 1.30 என்று குறித்துவிட்டு, கணினியை அணைக்காமல் சாப்பிடப் போங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகியிருக்கட்டும். எழுந்து வரும்போது வேலை முடிந்திருக்கும். எங்கள் ஊரில் அந்தத் தூக்கத்துக்கு வழியில்லை, நான் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்கிறேன்.

வரி கணக்குத் தாக்கல், பிள்ளைகளின் ஆன்லைன் தேர்வு என்று கெடு இருக்கும் வாரத்தில் 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதை அழுத்தி ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். அது முடிந்ததும் நிலுவையைப் போட்ட பிறகுதான் மறுபடி தள்ளிவைக்க விடும். நியாயமான ஏற்பாடு.

தினமும் ஷட் டவுன் செய்கிறேனே, பிறகும் ரீஸ்டார்ட் செய் என்று ஏன் கேட்கிறது?

இப்போதைய விண்டோஸ் ஷட் டவுன் செய்யும்போது முழுதாக அணைவதில்லை. மறுநாள் விரைவாக எழுவதற்காகத் தன் உள்நிலையை வட்டில் சேமித்துவைத்துவிட்டு உறங்குகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு ரீஸ்டார்ட் போதும்.

வீட்டில் இணைய இணைப்பு இல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்தான். அன்றைய டேட்டா முழுவதையும் அப்டேட் குடித்துவிடுகிறது.

ஹாட்ஸ்பாட்டில் இணைந்த நிலையில் அந்த வைஃபையின் 'பிராபர்ட்டீஸ்' பக்கத்தில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்குங்கள். 'இது அளந்து வாங்கும் தண்ணீர்' என்று விண்டோஸுக்குச் சொல்வதாக அர்த்தம். பெரிய அப்டேட்டுகளைப் பெரும்பாலும் தானாக இறக்காது. மாதம் ஒரு முறை உறவினர் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து மொத்தமாக இறக்கிக்கொள்ளுங்கள். மாத அப்டேட் ஒவ்வொன்றும் முந்தைய மாதங்களையும் உள்ளடக்கியதுதான். ஆகவே மூன்று மாதம் விட்டுப்போனாலும் கடைசியாக வந்த ஒன்றைப் போட்டால் போதும். அளவு ஒரு ஜிபியைத் தாண்டுவதும் உண்டு.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால், அதே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்று ஒன்று இருக்கிறது. உள் வலையமைப்பிலுள்ள கணினிகளோடு மட்டும் பகிர்ந்துகொள்ளும்படி வைத்தால், ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே மேகம் கறுத்தாலே மின்சாரத்துக்குக் காய்ச்சல் வந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே இது வீண் பயம் இல்லை.

ஆனால் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றால் கணினி அடுத்த முறை எழும்போது பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்' என்ற பொருளில் ஒரு வரி நெடுநேரம் நிற்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைப்பவர்கள்தான் என் கடைக்கு வந்து சேர்கிறார்கள். மின்தடை செய்யும் கெடுதலைவிட விரல் செய்யும் கெடுதல் அதிகம். மேசைக் கணினிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கிவையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பத்திரிகையில் மின்தடை அறிவிப்பு வந்த நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஒரே விதிவிலக்கு பயாஸ் அப்டேட். மதர்போர்டின் அடிப்படை நிரலையே மாற்றும் வேலை அது. நடுவில் மின்சாரம் போனால் இயந்திரம் எழாமலே போகலாம். யுபிஎஸ் அல்லது முழு பேட்டரி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

குரோம் மூலையில் பச்சையாக ஏதோ இருந்தது, இப்போது சிவப்பாகிவிட்டது. என்ன அர்த்தம்?

அப்டேட் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டும் நிறம். பச்சை என்றால் இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் நான்கு நாள் அளவில், சிவப்பு என்றால் ஒரு வாரத்துக்கு மேல். மூடித் திறந்தால் தீர்ந்தது. 2023 முதல் குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வருகின்றன. நாற்பது பக்கங்களைத் திறந்தபடியே மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது சிவக்கிறது. மீண்டும் திறக்கும்போது அந்த நாற்பதையும் மீட்டுத்தரும் வசதி இருக்கிறது, துணிந்து மூடுங்கள்.

மற்ற மென்பொருள்களை யார் கவனிப்பது?

இங்கே நிலைமை தலைகீழ். நச்சரிப்பவற்றைவிட வாய் திறக்காதவைதான் ஆபத்து. சுருக்கிய கோப்புகளைப் பிரிக்க உதவும் வின்ரார், செவன்-ஜிப் இரண்டும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாதவை. 2023ல் வின்ராரில் ஒரு ஓட்டையைத் திருடர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில் அடைத்தார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளை இன்றும் பல கணினிகளில் பார்க்கிறேன். ஐந்து வருடமாக 'சோதனைக் காலம் முடிந்தது' என்று சொல்லிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

புதுப்பிப்பதைவிடச் சிறந்த வழி நீக்குவது. 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து, ஓராண்டாகத் தொடாததையெல்லாம் எடுத்துவிடுங்கள். போகிப் பண்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத மென்பொருள் அப்டேட் கேட்காது. மிஞ்சுவதை, வட்டமிட்ட அதே புதன்கிழமையில் ஒவ்வொன்றாகத் திறந்து 'ஹெல்ப்' பகுதியில் பார்த்தால் போதும். கட்டளை வரியில் தட்டச்சு செய்யக் கூச்சமில்லாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால், விண்டோஸ் 11 உடனேயே வரும் விங்கெட் என்ற கருவி பெரும்பாலானவற்றை ஒரே கட்டளையில் புதுப்பித்துவிடும்.

தமிழ் தட்டச்சுக்கென்று தனி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 1999ல் உருவான தமிழ்99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். பழைய டைப்ரைட்டர் முறைக்குப் பழகிய விரல்களுக்கு மட்டும் தனி மென்பொருள் தேவைப்படலாம்.

டேலியில் கணக்கு வைத்திருப்பவர்கள் புதிய பதிப்புக்கு மாறும்முன் தரவை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

புது லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸ் 'காலாவதியாகிறது' என்று மிரட்டுகிறது.

சோதனைக் காலப் பதிப்பு. வேண்டாமென்றால் நீக்கிவிடுங்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானே பொறுப்பேற்கும், தானே புதுப்பித்துக்கொள்ளும். டிரைவர்களை, அதாவது கணினியின் உறுப்புகளை இயக்கும் சிறு நிரல்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் மென்பொருள்களுக்கும் இதே மரியாதைதான்.

விண்டோஸ் 10 வைத்திருக்கிறேன். 11க்கு மாறச் சொல்லி முழுத்திரையில் வந்து நிற்கிறது.

இந்த நச்சரிப்பில் மட்டும் உண்மை இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று இருக்கிறது. 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமித்துவைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2வுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

11க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இடம் ஆகியவை வேண்டும். இன்டெல் கோர் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஏழாம் தலைமுறை வரை வைத்திருப்பவர்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸைத்தான் நான் சொல்கிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களைச் சத்தமில்லாமல் தானே போட்டுக்கொள்ளும். நச்சரிப்பு வேண்டாம் என்று வருகிறவர்களுக்கு அதைவிட அமைதியான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்கு அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் இருக்கிறது. அதில் எந்தத் தொல்லையும் இல்லை, ஒன்றுமே கேட்பதில்லை. நல்லதுதானே?

நல்லதல்ல. 2011ல் தொடங்கிய திட்டத்தில் வந்த முதல் ஆண்டு லேப்டாப் என்றால் அதில் விண்டோஸ் 7 இருக்கும். அதற்கு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. குரோமும் 2023ல் கைவிட்டது. யாரும் கவனிக்காததால் வந்த அமைதி. அதில் வங்கி வேலை செய்யாதீர்கள். லினக்ஸின் இன்னொரு வகையான மின்ட்டின், பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டால் இன்னும் சில காலம் படிக்கவும் எழுதவும் உதவும்.

அப்டேட் போட்டதால்தான் கெட்டுப்போனது என்று சொல்கிறார்களே, பொய்யா?

முழுப் பொய் இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாளில் திரும்பப் பெற்று, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது நிறுவனங்களுக்கான மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகள் தப்பின.

ஆகவே நான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறேன். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் என்றால் அந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ஒன்றிரண்டு மாதம் பிறர் அனுபவத்தைக் கேட்டுவிட்டுப் போடலாம். 'புதியவை கிடைத்தவுடன் முதலில் எனக்கு' என்ற பொருளில் அப்டேட் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அணைந்தே இருக்கட்டும். படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வெளி வட்டில் ஒரு நகல் வைத்திருங்கள். அப்டேட் கெடுக்காவிட்டாலும் பழைய வட்டு ஒரு நாள் தானே கெட்டுப்போகும்.

மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப். எல்லாம் பிரெஞ்சில் கேட்கிறது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே புரியவில்லை.

புரியாமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். மொழி அமைப்பில் ஆங்கிலத்தையோ தமிழையோ சேர்த்துத் திரைமொழியாக மாற்றலாம். ஒற்றை மொழிப் பதிப்பு என்றால் மட்டும் மாற்ற விடாது. விசைப்பலகையில் முதல் வரிசை எழுத்துகள் இடம் மாறி இருப்பது வேறு சமாச்சாரம், அது பழகிவிடும்.

'உங்கள் விண்டோஸ் அப்டேட் காலாவதி, நாங்கள் தூரத்திலிருந்தே சரிசெய்கிறோம்' என்று தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

எந்த நிறுவனமும் தானாக உங்களை அழைத்து அப்டேட் போட்டுத்தராது. அவர்கள் சொல்லும் எந்தச் செயலியையும் இறக்காதீர்கள், அவர்கள் கேட்கும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் வைஃபையை அணையுங்கள். பணம் போயிருந்தால் வேறு யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள், பிறகு வங்கியை. கணினியை அப்புறம் கொண்டுவரலாம்.